எப்போது வந்தது அந்த வாடை?

கொல்லிமலைக்குக் காரவள்ளியிலிருந்து ஏறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் எண் எழுதிய பலகை நிற்கும். சின்னக் காரில் ஐந்து பேராக ஏறிக்கொண்டிருந்த நாங்கள், ஐம்பதைத் தாண்டியதும் ஓரமாக நிறுத்தினோம். இறங்கிப் பள்ளத்தாக்கைப் பார்த்துவிட்டு வந்த தங்கை, கதவைத் திறந்ததுமே கேட்டாள்: “என்னண்ணா, டயர் எரியுற மாதிரி நாறுது?” அதுவரை ஓட்டி வந்த எனக்கு எதுவும் தெரியவில்லை.

மூக்கின் சுபாவம் அப்படி. ஒரே வாடை விடாமல் வந்தால், சில நிமிடங்களில் நமக்கு அது உறைக்காமல் போய்விடும். மெல்ல மெல்லக் கூடும் வாடை என்றால் கேட்கவே வேண்டாம். வண்டிக்குள்ளேயே இருந்தவரைவிட, வெளிக்காற்றில் நின்றுவிட்டு வந்தவர் சொல்வதைத்தான் நம்ப வேண்டும்.

மேலே செம்மேட்டில் ஒரு மெக்கானிக்கிடம் காட்டினோம். அவர் பானெட்டைத் தொடவில்லை. “எப்ப சார் வந்துச்சு? மேடு ஏறுறப்பவா, சமத்துலயா, பிரேக் புடிச்சப்பவா? ஏசி போட்டிருந்தீங்களா?” என்று வரிசையாகக் கேட்டார். டாக்டர் நாடி பிடிப்பதற்கு ஒப்பானவை அந்தக் கேள்விகள். ரப்பர் வாடை என்பது ஏதோ ஒன்று அளவுக்கு மேல் சூடாகிவிட்டது என்று மட்டுமே சொல்லும். எது சூடானது என்பதை அது வந்த நேரம்தான் சொல்லும்.

வாடைக்கு ஒரு வேதியியல் உண்டு. ரப்பர் மரத்துப் பால் கெட்டியானால் வெயிலில் பிசுபிசுக்கும், குளிரில் விறைக்கும். அதோடு கந்தகத்தைச் சேர்த்துச் சூடாக்கினால் உறுதியாகிறது என்று 1839-ல் அமெரிக்கர் சார்லஸ் குட்இயர் கண்டுபிடித்தார். நீண்ட ரப்பர் சங்கிலிகளுக்கு இடையே கந்தக அணுக்கள் பாலம் போட்டுப் பிணைக்கின்றன. கந்தகத்தோடு கந்தகம் சேர்ந்த பிணைப்பு, கரிமப் பிணைப்பைவிட நலிந்தது. சூடு மிஞ்சினால் முதலில் அறுவது அதுதான். அப்போது கிளம்பும் கந்தக வாயுக்களில் பல, காற்றில் நூறு கோடியில் சில பங்கு இருந்தாலே மூக்கில் ஏறிவிடும்.

எங்கள் வண்டியில் காய்ந்தது டயர் அல்ல, கிளட்ச் பிளேட். அதன் இருபுறமும் ஒட்டியிருக்கும் உராய்வுப் பட்டை, நாரும் பிசினும் ரப்பரும் கலந்து செய்தது. அதனால்தான் வாடை டயரை நினைவூட்டுகிறது. கிளட்சை முழுதாக விட்டால் பிளேட்டும் இன்ஜினின் ஃப்ளைவீலும் ஒன்றாகச் சுற்றும். உராய்வு இல்லை, சூடும் இல்லை. வளைவுக்கு வளைவு நான் செய்ததுபோல் அரைக் கிளட்சில் பிடித்தால், ஒன்றின்மேல் ஒன்று வழுக்கித் தேயும். பத்து மீட்டருக்கு ஒரு மீட்டர் உயரும் மேட்டில், ஆள் ஏறிய சின்னக் காரைப் பிரேக் இல்லாமல் அரைக் கிளட்சிலேயே நிறுத்திப் பிடிக்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கணக்குப் போட்டால் ஏறத்தாழ 4,000 வாட் அந்தப் பிளேட்டில் சூடாகிறது. நான்கு இஸ்திரிப் பெட்டிகளை ஒரு தட்டில் அடுக்கியதற்குச் சமம்! மேட்டில் நிற்க ஹேண்ட் பிரேக் இருக்கிறது. இதை ஓட்டுநர் பயிற்சிப் பள்ளிகள் முதல் நாளிலேயே மனத்தில் பதியவைக்க வேண்டும் என்பது என் ஆதங்கம்.

ஆறவிட்டால் இந்த வாடை போய்விடும். சமதரையில் திரும்பத் திரும்ப வந்தால் பிளேட் தேய்ந்திருக்கக்கூடும். நான்காம் கியரில் ஆக்சிலரேட்டரை மிதித்துப் பாருங்கள். இன்ஜின் சத்தம் ஏறி வேகம் ஏறாவிட்டால் சந்தேகமே வேண்டாம்.

இறங்கும்போது வந்தால் அது பிரேக். உதகையிலிருந்து கல்லட்டி வழியாக மசினகுடிக்கு இறங்கும் 36 வளைவுச் சாலையில் உயரம் ஆயிரம் மீட்டருக்கு மேல் குறைகிறது. 1,300 கிலோ எடையுள்ள வண்டி ஆயிரம் மீட்டர் இறங்கும்போது இழக்கும் ஆற்றல், 40 லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்கப் போதும். கீழ் கியரில் இறங்கினால் அதில் பெரும்பங்கை இன்ஜின் ஏற்றுக்கொள்ளும். பிரேக்கை மட்டும் நம்பினால் எல்லாம் டிஸ்க்கிலும் பேடிலும் இறங்கும். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் குணமுடையது. டாட் 3 வகை புதிதாக இருக்கையில் 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறியபின் 140 டிகிரியிலேயே கொதிக்கலாம். கொதித்தால் குமிழி உண்டாகும், மிதித்த பெடல் பஞ்சுபோல் அமுங்கும். ஆகவே இறக்கத்தில் வாடை வந்தால் உடனே நிறுத்தி ஆறவிடுங்கள், டிஸ்க்கில் தண்ணீர் ஊற்றாதீர்கள். சமதரையில் நான்கு சக்கரங்களில் ஒன்று மட்டும் அனல் வீசினால், அதன் பிரேக் இறுகியிருக்கக்கூடும். புறங்கையை அருகில் கொண்டுபோனாலே தெரியும், தொட வேண்டாம்.

ஏசி போட்டதும் கிறீச்சென்ற சத்தத்தோடு வந்தால் பெல்ட். கம்ப்ரசரோ, பட்டறைகளில் இன்னும் டைனமோ என்றே சொல்லப்படும் ஆல்டர்னேட்டரோ பேரிங் இறுகி நின்றுவிட்டால், பெல்ட் அதன்மேல் வழுக்கிக்கொண்டே ஓடிக் காயும். கூடவே பேட்டரி விளக்கு எரிந்து, சூட்டு முள்ளும் ஏறினால் அதற்குமேல் ஓட்டக் கூடாது. பல வண்டிகளில் வாட்டர் பம்ப்பையும் சுற்றுவது அதே பெல்ட்தான்.

வாடை வெளியிலிருந்தா உள்ளிருந்தா என்று பார்க்க, ஏசியில் உட்காற்றையே சுழற்றும் பட்டனை அழுத்துங்கள். வெளிக்காற்று பெரும்பாலும் பானெட்டின் பின்விளிம்பு வழியாகத்தான் உள்ளே வருகிறது. பட்டனை அழுத்தியதும் குறைந்தால் மூலம் இன்ஜின் பக்கம்.

குறையாமல், டாஷ்போர்டு ஓரமாக, மூக்கை அரிக்கும் காரத்தோடு வந்தால் வயர். எனக்குப் பயம் தருவது இது ஒன்றுதான். எலி கடித்த வயரிங்கும், ஃப்யூஸ் போன இடத்தில் கம்பித் துண்டைச் செருகும் பழக்கமும் சேர்ந்தால் நெருப்புதான். உருக வேண்டிய ஃப்யூஸ் உருகாததால் வயரின் பி.வி.சி. உறை உருகும், அதன் புகையில் ஹைட்ரஜன் குளோரைடு இருக்கும். சாவியை அணையுங்கள், எல்லாரையும் இறக்குங்கள். புகை வந்தால் பானெட்டை அகலத் திறக்க வேண்டாம், உள்ளே புகும் காற்று தீயை வளர்க்கும்.

செம்மேட்டில் அரைமணி நேரம் வண்டியை ஆறவைத்தோம். கிளம்பும் முன் மெக்கானிக் தங்கையைக் கூப்பிட்டு, “நீ மோந்து பாரும்மா” என்றார்.