எச்சரிக்கை ஒலி உணர்த்துவது

பல வன்தட்டுகளை ஒன்றிணைத்துத் தரவுகளைக் காக்கும் முறை ‘ரெய்டு’ எனப்படும். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் ஆகியோர் 1988இல் இதனை விளக்கிக் கட்டுரை வெளியிட்டனர். ‘ரெய்டு 5’ வகையில் ஒரு வன்தட்டு பழுதானாலும், ஏனையவற்றிலுள்ள தரவுகளையும் சரிபார்ப்புத் தகவலையும் கொண்டு இழந்ததைக் கணக்கிட்டு மீட்கலாம். மீட்கும் முன்னரே இன்னொன்றும் பழுதானால் தரவுகளை இழக்க நேரிடும்.

எனவே, கட்டுப்படுத்தி எச்சரிக்கை ஒலி எழுப்பினாலோ, கணினி இயங்கத் தொடங்காவிட்டாலோ, பதற்றத்தில் வன்தட்டுகளைக் கழற்றுதல் கூடாது. பழுதற்ற வன்தட்டைத் தவறுதலாகக் கழற்றினால் தொகுப்பு முழுவதும் செயலிழக்கும். முதலில் கட்டுப்படுத்தியின் நிகழ்வுப் பதிவைப் படித்து, பழுதான வன்தட்டின் தொடர் எண்ணை அறிதல் வேண்டும். இணைப்புக் கம்பிகளைச் சரிபார்த்த பின்னர், அதனை மட்டுமே மாற்றுதல் வேண்டும்.

ஒலியை நிறுத்துவது தீர்வன்று. பழுதை நீக்குவதே தீர்வாகும். ரெய்டு இருப்பினும் தரவுகளுக்குத் தனியே காப்புப்படி தேவை.