வழி தேடும் சுவிட்ச்



2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை நம்ம பக்கத்தில் யாரும் மறக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. கொட்டியது. தண்டவாளத்தின் கீழே மண் அரித்துப் போய், செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனிலேயே நின்றது. சுமார் 800 பயணிகள் மாட்டிக்கிட்டாங்க. ரோடும் துண்டிப்பு, பல இடங்களில் செல்போனும் கிடைக்கவில்லை.

ஒரு வழி அடைபட்டால் மறுவழி வேணும். அது இருக்குன்னு தெரியவும் வேணும். கம்ப்யூட்டர் நெட்வொர்க்கிலும் இதே கதைதான்!

இரண்டு வகை

நெட்வொர்க்குகளை இணைப்பது ரவுட்டர் அல்லது 'லேயர் 3' சுவிட்ச். எந்த இடத்துக்கு எந்த வழி என்ற பட்டியல் அதற்குள் இருக்கும். நாமே கையால் எழுதினால் அது ஸ்டாட்டிக். கேபிள் அறுந்தால் பெரும்பாலும் ஆள் வந்துதான் மாற்றணும். சுவிட்சுகளே தங்களுக்குள் பேசிப் பட்டியல் போட்டால் அது டைனமிக். இதில் புகழ்பெற்றது ஓ.எஸ்.பி.எஃப். இதன் முதல் விதிமுறை 1989-ல் வந்தது.

எப்படி வேலை செய்கிறது?

ஈதர்நெட் இணைப்பில் 10 விநாடிக்கு ஒருமுறை பக்கத்து சுவிட்சுக்கு 'ஹலோ' போகும். 40 விநாடி பதில் ஹலோ வரலைன்னா, 'அந்த வழி போச்சு' என்று எல்லா சுவிட்சுக்கும் சேதி பறக்கும். நெதர்லாந்து அறிஞர் டெய்க்ஸ்ட்ரா 1959-ல் வெளியிட்ட கணக்கைப் போட்டு, ஒவ்வொரு சுவிட்சும் செலவு குறைந்த மறுவழியைத் தேர்ந்தெடுக்கும். கேபிளே கழன்று போர்ட் அணைந்துவிட்டால் 40 விநாடிகூட காத்திருக்காது.

சிஸ்கோ சுவிட்சில் ஆன் செய்வது

1. 'ஐபி ரவுட்டிங்' கட்டளை. இதை விட்டுட்டா மற்றதெல்லாம் வீண்.
2. 'ரவுட்டர் ஓஎஸ்பிஎஃப் 1'. இந்த 1 அந்த சுவிட்சுக்குள் மட்டும்தான். அடுத்ததில் வேறு எண் இருக்கலாம்.
3. 'நெட்வொர்க் 10.1.0.0 0.0.255.255 ஏரியா 0'. ஏரியா எண் இரு முனையிலும் ஒன்றாக இருக்கணும்.
4. மாணவர்களின் கம்ப்யூட்டர் உள்ள பக்கத்தை 'பாசிவ்' ஆக்கணும். அப்போதான் யாரும் போலி சுவிட்சாக நுழைய முடியாது.
5. 'ஷோ ஐபி ஓஎஸ்பிஎஃப் நெய்பர்' என்று கேளுங்க. இரண்டு சுவிட்ச் மட்டும் உள்ள இணைப்பில் 'ஃபுல்' என்று வந்தால் வெற்றி! வரலைன்னா ஹலோ நேரம், ஏரியா எண், சப்நெட் மாஸ்க் மூன்றையும் சரி பாருங்க.

ஒரு எச்சரிக்கை

நெல்லையையும் பாளையங்கோட்டையையும் இணைக்கும் சுலோசன முதலியார் பாலம் 1843-ல் திறக்கப்பட்டது. இரண்டு கேபிளையும் இப்படி ஒரே பாலத்தின் மேல் கொண்டுபோனால், வெள்ளம் ஒரே இழுப்பில் இரண்டையும் கொண்டுபோயிடும். அப்புறம் எந்த ஓ.எஸ்.பி.எஃப்-பும் காப்பாற்றாது. இரண்டாவது கேபிள் வேறு பாதையில் போகணும்.

மூளைக்கு வேலை

நெல்லையிலிருந்து திருச்செந்தூருக்கு மூன்று வழி, செலவு இப்படி: ஸ்ரீவைகுண்டம் வழி 10+10, தூத்துக்குடி வழி 5+20, நாங்குநேரி வழி 10+16. ஸ்ரீவைகுண்டம் இணைப்பு அறுந்தால் சுவிட்ச் எதைத் தேர்ந்தெடுக்கும்?

(விடை: தூத்துக்குடி வழி. மொத்தம் 25)