நாளேட்டில் ஒரு புனையா ஓவியம்

நாட்குறிப்பு என்றாலே எழுத்தால் அமைவது என்று பலரும் எண்ணுவர். கோடுகளால் அமையும் நாட்குறிப்பும் உண்டு. அன்றன்று கண்ட மனிதர், சென்ற ஊர், நினைவில் எழுந்த காட்சி ஆகியவற்றைச் சிற்றேடு ஒன்றில் வரைந்து, அருகில் நாளும் இடமும் குறித்து, இரண்டொரு வரி எழுதி வைப்பதே ஓவியக் குறிப்பேடு. இதனை வெறும் பொழுதுபோக்கு என்று ஒதுக்குவோர் உளர். ஓவியர்க்கே உரிய பயிற்சி என்று விலகி நிற்போர் அவரினும் பலர். இவ்விரு கருத்தும் பொருந்தா என்பதை இக்குறிப்பேட்டின் வரலாறும் பயனும் தெளிவாகக் காட்டும்.

வண்ணம் தீட்டாது கோட்டளவில் நிற்கும் ஓவியத்துக்குத் தமிழில் பழம்பெயர் ஒன்று உண்டு. பத்துப்பாட்டுள் ஒன்றாகிய நெடுநல்வாடையில், தலைவனைப் பிரிந்து அணிகலன்களை நீக்கியிருக்கும் அரசிக்கு உவமையாகப் ‘புனையா ஓவியம்’ என்னும் தொடரை நக்கீரர் ஆள்கிறார். கேட்போர் அறிந்த பொருளைக் கொண்டே உவமை அமையும். ஆதலின், வண்ணமிடாத கோட்டோவியம் அக்காலத் தமிழர் கண்டு பழகிய ஒன்று எனக் கொள்வதில் தவறில்லை. குறிப்பேட்டுக்கு வேண்டுவதும் இந்தப் புனையா ஓவியமே. அழகும் ஒப்பனையும் அங்கு இரண்டாம் இடத்தன. கண்டது கண்டவாறு பதிவதே முதன்மையானது.

வரைதலும் வினவுதலும்

கைத்தொலைபேசி இல்லாத கை இன்று அரிது. ஒரு நொடியில் படம் பிடிக்க இயலும்போது, கால் மணி நேரம் அமர்ந்து வரைவானேன் என்னும் வினா எழுதல் இயல்பு. படம் பிடிப்பவர் காட்சியைக் கருவியிடம் ஒப்படைத்துவிட்டு நடந்துவிடலாம். வரைபவருக்கு அவ்வசதி இல்லை. ஒவ்வொரு கோட்டுக்கும் முன்னர் அவர் தம் கண்ணை ஒரு கேள்வி கேட்டாக வேண்டும்.

சிங்கப்பூர்த் தேக்காவிலோ கோலாலம்பூர்ப் பிரிக்பீல்ட்சிலோ ஐந்தடி வழியில் பூக்கட்டும் அம்மையார் ஒருவரை வரையத் தொடங்குபவரை எடுத்துக்கொள்வோம். பூவைப் பிடித்திருப்பது எந்தக் கை? நூல் எந்த விரலைச் சுற்றிச் செல்கிறது? ஒரு முடிச்சுக்குள் எத்தனை பூக்கள் அடங்குகின்றன? பலமுறை அவ்வழியே நடந்தவரும் இவற்றுக்கு விடை அறியார். கண்ணால் விடை காண இயலாதபோது, வரைபவர் வாய்திறந்து கேட்கிறார். கேட்கும்போது உரையாடல் பிறக்கிறது. உரையாடலில் அத்தொழிலுக்குரிய சொல்லும் கிடைக்கிறது. வரைதலின் பெரும்பயன் இதுவே: அது காண்பவரைக் கேட்பவராக ஆக்குகிறது.

முன்னோர் வைத்த ஏடுகள்

இத்தாலிய ஓவியர் லியொனார்டோ டாவின்சி எழுதியும் வரைந்தும் வைத்த ஏடுகளில் ஏறத்தாழ 7,000 பக்கங்கள் இன்றும் எஞ்சியுள்ளன. வெளியே செல்லும்போது சிற்றேடு ஒன்றை உடன் கொண்டு செல்லுமாறும், மக்கள் பேசும்போதும் பூசலிடும்போதும் சிரிக்கும்போதும் கொள்ளும் நிலைகளைச் சில கோடுகளில் குறித்துக்கொள்ளுமாறும் அவர் இளம் ஓவியர்க்கு அறிவுரை கூறினார். வரைந்ததை அழித்தலாகாது என்பதும் அவர் கருத்து. உருவங்களோ எண்ணில்லாதன, அவற்றையெல்லாம் நினைவு ஒன்றே தாங்கி வைக்க வல்லதன்று என்று அவர் காரணமும் காட்டினார்.

சப்பானிய ஓவியர் ஹொக்குசாய் வரைந்த சிற்றோவியங்களின் முதல் தொகுதி 1814-ஆம் ஆண்டில் அச்சாயிற்று. அத்தொகுதிகள் மொத்தம் 15. ஓவியர் 1849-இல் மறைந்த பின்னரும் அவை வெளிவந்தன. இறுதித் தொகுதி வெளியான ஆண்டு 1878. மல்லரும் கைவினைஞரும், பூச்சியும் பறவையும், மழையும் அலையும் அவற்றில் நிரம்பியுள்ளன. அன்றைய சப்பானிய மக்களின் வாழ்க்கையை அறிய விரும்புவோர்க்கு அவை இன்று நல்ல சான்றுகளாகவும் பயன்படுகின்றன.

பயணக் குறிப்பேட்டுக்குச் சிறந்த எடுத்துக்காட்டு பிரெஞ்சு ஓவியர் டெலக்ருவா. 1832-இல் அரசுத் தூதுக்குழு ஒன்றுடன் மொராக்கோ சென்ற அவர், கண்ட மனிதரையும் வீடுகளையும் உடைகளையும் ஏடுகளில் விரைந்து வரைந்தார். வண்ணம் தீட்ட நேரம் இல்லாதவிடத்து, இன்ன இடத்தில் இன்ன நிறம் என்று எழுதி வைத்தார். ஆறே திங்கள் அளவில் முடிந்த அப்பயணத்தின் குறிப்புகள், 1863-இல் அவர் மறையும்வரை அவருடைய ஓவியங்களுக்கு ஊற்றாக விளங்கின.

இப்பழக்கம் பழங்கதையாகிவிடவுமில்லை. அமெரிக்காவின் சியாட்டில் நகரில் செய்தித்தாள் ஓவியராகப் பணியாற்றிய கேப்ரியல் கம்பனாரியோ 2007-இல் தொடங்கிய நகர வரைவோர் இயக்கம் இன்று பல நாடுகளில் பரவியுள்ளது. நேரில் கண்டதை அவ்விடத்திலேயே வரைதல் வேண்டும், காட்சிக்கு உண்மையாக இருத்தல் வேண்டும் என்பன அதன் கோட்பாடுகளுள் சில. அவ்வியக்கத்தின் அனைத்துலக மாநாடு 2015-இல் சிங்கப்பூரில் நடைபெற்றது.

நினைவை வரைதல்

கண்முன் உள்ளதை வரைவது ஒருவகை. நினைவில் உள்ளதை வரைவது மற்றொரு வகை. இரண்டாவதற்கு மதுரையில் 1936-இல் பிறந்த மனோகர் தேவதாஸ் சிறந்த சான்று. விழித்திரை நலிவு நோயால் அவர் பார்வை ஆண்டுக்காண்டு குறைந்து வந்தது. பார்வை சுருங்கிய நிலையிலும் தம் இளமைக்கால மதுரையைக் கோபுரமும் தெருவும் கிணறும் வயலுமாக மைக்கோடுகளால் மிக நுட்பமாக வரைந்து, நூல்களாகவும் வெளியிட்டார். 2020-இல் பத்மஸ்ரீ விருது பெற்ற அவர் 2022-இல் மறைந்தார். இளமையில் ஊன்றிப் பார்த்த கண்ணுக்கு, ஒளி குறைந்த பின்னரும் காட்சி குறைவதில்லை என்பதை அவர் வாழ்க்கை உணர்த்துகிறது.

சான்றாகும் கோடுகள்

குறிப்பேட்டின் மதிப்பு எத்தகையது என்பதை இந்த மண்ணின் வரலாறே அழுத்தமாகக் கூறும். 1942-இல் சிங்கப்பூர் சப்பானியரிடம் வீழ்ந்தபோது, ஹேக்ஸ்வர்த் என்னும் ஆங்கிலேயர் சாங்கிச் சிறையிலும், பின்னர்ச் சைம் ரோடு முகாமிலும் அடைக்கப்பட்டார். காவலர் அறியாமல் அவர் வரைந்த சிற்றோவியங்கள் 300-க்கு மேற்பட்டவை. நெரிசலான அறையும், நாளுக்கு நாள் மெலிந்த உடல்களும், துன்பத்துக்கிடையே எழுந்த நகைச்சுவையும் அவற்றில் பதிந்துள்ளன. 1986-இல் அவர் மனைவி அவற்றைச் சிங்கப்பூர்த் தேசிய ஆவணக் காப்பகத்துக்கு வழங்கினார்.

அதே போரில் சிறைப்பட்ட ரொனால்டு சேர்ல் என்னும் இளைஞர் சயாம்-பர்மா இரயில் பாதைக்கு அனுப்பப்பட்டார். அங்கே அவர் வரைந்தவை பிடிபட்டால் உயிருக்கே ஊறு நேரும். வாந்திபேதி கண்டவர்களின் படுக்கைக்கடியில் அவற்றை மறைத்து வைத்தார். நோய்க்கு அஞ்சிய காவலர் அங்கு நெருங்கவில்லை. எஞ்சிய ஓவியங்கள் இன்று இலண்டனில் பேரரசுப் போர் அருங்காட்சியகத்தில் உள்ளன.

அதே பாதையில்தான் மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டு செல்லப்பட்ட பல்லாயிரம் தமிழரும் உழைத்தனர். 1942 முதல் 1943 வரை அமைக்கப்பட்ட, ஏறத்தாழ 415 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாதையில், மாண்ட போர்க்கைதிகளைவிட மாண்ட ஆசியத் தொழிலாளர் பன்மடங்கு மிகுதி. போர்க்கைதிகளுக்குக் காஞ்சனபுரியில் பெயர் பொறித்த கல்லறைகள் உள்ளன. அவர்கள் மறைத்து வைத்த நாட்குறிப்புகளும் ஓவியங்களும் உள்ளன. தமிழ்த் தொழிலாளருள் பெரும்பாலோர்க்குப் பெயர் பொறித்த கல்லும் இல்லை; அவர்தம் கையால் அமைந்த ஏடும் இல்லை. உயிர் மீண்டவர் தம் மக்களிடம் கூறிய சொற்களே பெரிதும் எஞ்சின. கேட்பார் இல்லாத வீட்டில் அச்சொற்களும் அவர்களோடே மறைந்தன. எழுத்தறிவும் தாளும் ஓய்வும் மறுக்கப்பட்டவர்கள் எழுதவில்லை என்று குறை கூறுதல் அறமன்று. அவை யாவும் வாய்த்த இற்றைநாளினர் கேளாமல் இருப்பதற்குத்தான் காரணம் கூறுதல் அரிது.

வகுப்பறையிலும் வீட்டிலும்

இவ்விடத்தில்தான் தமிழாசிரியரின் பணி தொடங்குகிறது. கட்டுரை எழுதச் சொன்னால் மனப்பாடம் செய்த தொடர்களையே மாணவர் பலர் எழுதுகின்றனர். சொல்வதற்குத் தமக்கென ஒரு பொருள் இல்லாமையே அதற்குக் காரணம். வாரம் ஒருமுறையேனும் தாம் கண்ட ஒன்றை வரைந்து, அதன் உறுப்புகளுக்குப் பெயரெழுதி, ஐந்து வரி விளக்கமும் எழுதும் மாணவருக்குப் பொருள் தானே கிடைக்கிறது. ஓவியத்தின் அழகுக்கு மதிப்பெண் வேண்டுவதில்லை. எத்தனை பொருளைக் கண்டார், எத்தனைக்குத் தமிழ்ப்பெயர் கேட்டறிந்தார் என்பதே அளவுகோலாக அமைதல் நன்று.

தோட்டத்தில் வாழ்ந்த தாத்தாவையோ பாட்டியையோ அருகில் அமர்த்தி, அவர் சொல்லச் சொல்லப் பழைய வீட்டை வரையுமாறு பணிப்பது மிகச் சிறந்த பயிற்சி. லயத்து வீட்டின் வாசல் எப்பக்கம் இருந்தது? அடுப்பு எங்கே இருந்தது? விடியுமுன் பெரட்டுக்கு எவ்வழியே சென்றார்கள்? பால் வாளிகளைக் காண்டாக் கம்பில் எவ்வாறு தூக்கினார்கள்? பொதுவாகப் பழங்கதை கூறுமாறு வேண்டினால், ‘என்னத்தைச் சொல்வது’ என்று கையசைத்துவிடும் முதியவர், கோடு தவறாக விழுந்தவுடன், ‘அங்கே இல்லை ஐயா, இந்தப் பக்கம்’ என்று தாமே பென்சிலை வாங்கித் திருத்துவார். அகராதியில் இடம்பெறாத தோட்டச் சொற்கள் பல அவ்வேளையில் வெளிப்படும்.

இதற்கு வேண்டும் கருவிகள் மிகச் சில. சட்டைப் பையில் அடங்கும் கோடிடாத ஏடு ஒன்று, மைப்பேனா ஒன்று. அழிப்பான் தேவையில்லை, தவறிய கோட்டின் அருகே சரியான கோட்டை வரைந்தால் போதும். நாளும் இடமும் எழுத மறத்தலாகாது. அவையற்ற ஓவியம் சான்றாகும் தகுதியில் பாதியை இழந்துவிடும். ஒருவரை அருகிருந்து வரைய நேர்ந்தால் இசைவு கேட்பதும், வரைந்ததை அவருக்குக் காட்டுவதும் பண்பு. துயர வீட்டிலும் நோயாளியின் அருகிலும் ஏட்டை மூடி வைப்பதும் அப்பண்பின்பாற்பட்டதே.

கோணலான கோடும் ஐம்பது ஆண்டு கழித்து ஓர் ஊரின் சான்றாக நிற்கும். வரைந்து கொள்வதற்குரிய முதியோர் பலர் இன்னும் வீடுகளில் உள்ளனர். அவர்கள் விடை கூறும் நிலையில் இருக்கும்போதே ஏட்டைத் திறப்பது இளையோர் கடன்.