ஆபத்தான வீட்டுக் குப்பையை எங்கே கொடுப்பது?

வீட்டில் சேரும் குப்பையில் பெரும்பகுதிக்கு இன்று ஏதோ ஒரு வழி இருக்கிறது. காய்கறித் தோலும் மீந்த சோறும் தெருவுக்கு வரும் பேட்டரி வண்டியில் ஏறி நுண்ணுர மையத்துக்குப் போகின்றன. செய்தித்தாளையும் இரும்பையும் பழைய பேப்பர் கடைக்காரர் எடை போட்டுப் பணம் கொடுத்தே வாங்கிக்கொள்கிறார். வழி தெரியாமல் அலமாரியின் மூலையிலேயே கிடந்து, ஒரு நாள் மற்ற குப்பையோடு சேர்ந்து வெளியேறுபவை வேறு சில: எரிந்துபோன சி.எஃப்.எல். பல்பு, குழல்விளக்கு, காலாவதியான மாத்திரை, இன்சுலின் ஊசி, வீங்கிப்போன கைப்பேசி பேட்டரி, அடியில் பெயின்ட் உறைந்த டப்பா, பூச்சி மருந்துப் புட்டி. எடையில் சொற்பமானாலும் மண்ணுக்கும் நீருக்கும் குப்பையைக் கையால் தொட்டுப் பிரிக்கும் தூய்மைப் பணியாளருக்கும் மிகுந்த கேடு செய்யக்கூடியவை இவைதான். இவற்றைப் பெற்றுக்கொள்ள ஓர் இடத்தை ஏற்படுத்துவது உள்ளாட்சி அமைப்பின் சட்டக் கடமை என்பது பலருக்கும் தெரிவதில்லை.

இந்தக் கடமை புதிதன்று. 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள், வீட்டுக் குப்பையை மக்கும் குப்பை, மக்காத குப்பை, ஆபத்தான வீட்டுக் கழிவு என மூன்றாகப் பிரித்துத் தரவேண்டிய பொறுப்பைக் குடும்பங்கள்மீது சுமத்தின. அதே விதிகள், ஒவ்வொரு 20 சதுர கிலோமீட்டர் பரப்புக்கும் ஆபத்தான கழிவைப் பெறும் மையம் ஒன்றை ஏற்படுத்தி, அது திறந்திருக்கும் நேரத்தையும் பொதுமக்களுக்கு அறிவிக்க வேண்டும் என்று நகர உள்ளாட்சிகளுக்கும் ஆணையிட்டன. பிரித்துத் தராத குடும்பத்தைக் கண்டிக்கும் குரல் உரக்கக் கேட்ட அளவுக்கு, மையத்தைத் திறக்காத நிர்வாகத்தை நோக்கிய கேள்வி எழவில்லை. பத்தாண்டுக் காலத்தின் பெரிய குறை இதுவே. 2016ஆம் ஆண்டின் விதிகளுக்குப் பதிலாக 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வரும்படி அறிவிக்கப்பட்ட புதிய விதிகள் குப்பையை நான்காகப் பிரிக்கச் சொல்கின்றன: ஈரக் குப்பை, உலர் குப்பை, நாப்கின், டயாப்பர் போன்ற சுகாதாரக் கழிவு, தனிக் கவனம் தேவைப்படும் கழிவு. மேலே சொன்ன பல்பும் மருந்தும் பெயின்ட் டப்பாவும் நான்காம் வகையைச் சேர்ந்தவை. அனுமதி பெற்ற அமைப்பு வந்து எடுத்துச் செல்லவோ, குறிப்பிட்ட சேகரிப்பு மையத்தில் ஒப்படைக்கப்படவோ வேண்டியவை.

ஏன் இவ்வளவு கண்டிப்பு என்பது குப்பை போகும் பாதையைப் பார்த்தால் விளங்கும். சி.எஃப்.எல். பல்பு ஒவ்வொன்றுக்குள்ளும் சில மில்லிகிராம் பாதரசம் இருக்கிறது. குப்பையை அழுத்தி ஏற்றும் லாரியில் பல்பு நொறுங்கியதும் அது ஆவியாகி, அருகில் நிற்பவரின் மூச்சில் கலக்கிறது. லித்தியம் பேட்டரி அதே லாரியில் நசுங்கினால் தீப்பிடிக்கும். மூடியில்லாத ஊசி பிளாஸ்டிக் பையைத் துளைத்துக்கொண்டு, பையைத் தூக்கும் கையில் ஏறுகிறது. கல்லீரல் அழற்சியை உண்டாக்கும் பி, சி வகை வைரஸ்கள் இவ்வாறு பரவக்கூடியவை. கழிவறையில் கொட்டப்படும் ஆன்டிபயாட்டிக் மாத்திரைகள் கழிவுநீரில் கரைந்து, மருந்துக்குக் கட்டுப்படாத கிருமிகள் பெருகத் துணைபோகின்றன. எஞ்சியவை கிடங்கைச் சேரும். சென்னையின் பெருங்குடிக் குப்பைக் கிடங்கு பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தை ஒட்டியே இருப்பதையும், 2022 ஏப்ரலில் அங்கு மூண்ட தீ நாள் கணக்கில் புகைந்து சுற்றுப்புறத்தாரை மூச்சுத்திணற வைத்ததையும் நினைத்தால், கிடங்கைச் சேர்ந்துவிட்டது என்பதால் குப்பை ஒழிந்துவிட்டதாகக் கொள்ள முடியாது என்பது தெளிவாகும்.

எந்தப் பொருள் எங்கே போக வேண்டும் என்பதில் ஒரே விடை கிடையாது. இன்வெர்ட்டர், வாகன பேட்டரிகளைப் புதியது வாங்கும் கடையிலேயே விலைத் தள்ளுபடிக்குக் கொடுத்துவிடலாம். 2022ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் சிறு பேட்டரிகளுக்கும் பொருந்தும். அவற்றைத் திரும்பப் பெற ஏற்பாடு செய்வது உற்பத்தியாளரின் பொறுப்பு, பிற குப்பையோடு கலக்காமல் தருவது பயன்படுத்துவோரின் பொறுப்பு. பேட்டரியின் மேலும் மின்சாதனங்களின் மேலும் அச்சிடப்பட்டிருக்கும், குறுக்குக்கோடு இட்ட குப்பைத்தொட்டிப் படத்தின் பொருள் இதுதான். கைப்பேசி, கணினி, தொலைக்காட்சி போன்றவை 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள மின்னணுக் கழிவு விதிகளின்கீழ் வருகின்றன. அவற்றை அந்தந்த நிறுவனத்தின் சேவை மையம் வழியாகவோ, தமிழ்நாடு மாசு கட்டுப்பாட்டு வாரியத்தின் பட்டியலில் உள்ள அனுமதி பெற்ற மறுசுழற்சியாளரிடமோ சேர்க்கலாம். காயலான் கடை கூடுதல் பணம் தருவதுபோல் தோன்றலாம். ஆனால் அங்கிருந்து கைமாறிப் போகும் ஒயர்கள் செம்புக்காகத் திறந்தவெளியில் எரிக்கப்படும்போது டையாக்சின் என்னும் கொடிய நச்சு காற்றில் கலக்கிறது. அதற்கு விலை கொடுப்பவர் அந்தத் தீயருகே நிற்கும் தொழிலாளி. அழிக்கப்படாத கைப்பேசித் தரவுகள் அந்நியர் கைக்குப் போகும் ஆபத்து தனி.

மருந்துக்கும் ஊசிக்கும்தான் வழி குறுகலாக இருக்கிறது. பயன்படுத்திய ஊசிகளைக் கெட்டியான பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு, இறுக மூடி, மேலே உள்ளிருப்பதன் பெயரை எழுதித் தனியே வைப்பதும், உடைந்த பல்பைத் துடைப்பத்தால் பெருக்காமல், சன்னலைத் திறந்து கால் மணி நேரம் காற்றாடவிட்டுக் கெட்டி அட்டையால் அள்ளி மூடியுள்ள பாட்டிலில் அடைப்பதும், மையம் கண்டறியப்படும்வரை செய்யத்தக்கவை. நாப்கினைக் காகிதத்தில் சுற்றித் தனியே தர வேண்டும். கட்டட இடிபாடுகளுக்கும் பழைய மெத்தை, சோபாவுக்கும் வேறு ஏற்பாடுகள் உண்டு. சென்னையில் 1913 என்ற எண்ணில் கேட்டால் வழி சொல்வார்கள்.

மையம் எங்கே என்று கேட்கும் இடம் முதலில் வார்டு அலுவலகமும் அங்குள்ள சுகாதார ஆய்வாளரும்தான். பதில் கிடைக்காதபோது நகராட்சி அல்லது மாநகராட்சி ஆணையருக்கு எழுத்துமூலம் மனு கொடுத்து ஒப்புகை பெறுவது அவசியம், ஏனெனில் அடுத்த படிகளுக்கெல்லாம் அந்தத் தாளே சான்று. திங்கட்கிழமைகளில் மாவட்ட ஆட்சியர் நடத்தும் மக்கள் குறைதீர் கூட்டத்திலும் மனு அளிக்கலாம். நிதி இல்லை என்ற விடை வந்தால் அதை அப்படியே ஏற்க வேண்டியதில்லை. ரத்லம் நகராட்சி வழக்கில் 1980இல் உச்ச நீதிமன்றம், பொதுச் சுகாதாரத்தைக் காக்கும் கடமையிலிருந்து நிதிப் பற்றாக்குறையைக் காட்டி நகராட்சி நழுவ முடியாது என்று தீர்ப்பளித்தது. அந்த வழக்குக்கு அடிப்படையாக இருந்த பொதுத்தொல்லை நீக்கும் அதிகாரம், இன்று பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 152ஆம் பிரிவில் நிர்வாக நடுவர்களிடம் இருக்கிறது. சூழல் கேடு பெரிதாகும்போது, சென்னையில் அமர்வு கொண்டுள்ள தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தை அணுகலாம்.

இவற்றுள் எளியதும் செலவு குறைந்ததும் 2005ஆம் ஆண்டின் தகவல் பெறும் உரிமைச் சட்டம். உள்ளாட்சியின் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதும் மனுவில், ஆபத்தான வீட்டுக் கழிவைப் பெறும் மையத்தின் முகவரி என்ன, எந்த நேரத்தில் திறந்திருக்கும், கடந்த ஓராண்டில் அங்கு சேர்ந்த கழிவு எவ்வளவு, அது எந்த நிலையத்துக்கு அனுப்பப்பட்டது என்ற நான்கு கேள்விகளே போதும். கட்டணம் 10 ரூபாய்; 30 நாளுக்குள் பதில் தர வேண்டும்; தராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். குடியிருப்போர் நலச் சங்கங்கள் இந்த மனுவை இந்த மாதமே அனுப்பி, கிடைக்கும் முகவரியைத் தம் தெருவின் அறிவிப்புப் பலகையில் எழுதிவைக்க வேண்டும்.