உங்களுக்குத் தெரியுமா? தைத்த தசைநாணும் காதுக்கு எட்டாத ஒலியும்

★ பிசியோதெரபி அறையில் ஜெல் தடவி, வட்டத் தலையுள்ள கருவியைத் தேய்த்தால் "கரண்ட் வைக்கிறாங்க" என்போம். அல்ட்ராசவுண்ட் கருவி என்றால், உடம்புக்குள் போவது கரண்ட் அல்ல, ஒலி. நம் காது நொடிக்கு 20,000 அதிர்வு வரை கேட்கும். இதுவோ 10 லட்சம் அல்லது 30 லட்சம். ஆழத்தில் இருக்கும் தசைக்கு 10 லட்சம். விரல், குதிகால் போன்ற இடங்களில் தோலை ஒட்டியிருக்கும் தசைநாணுக்கு (தசையை எலும்போடு இணைக்கும் நாருக்கு) 30 லட்சம்.

★ அந்த ஜெல் மருந்தில்லை. நடுவே துளி காற்று இருந்தாலும் ஒலி தோலைத் தொடாமல் திரும்பிவிடும். அந்த இடைவெளியை அடைக்கத்தான் ஜெல்.

★ இந்த ஒலி உயிரைத் தொடும் என்று முதலில் காட்டிக்கொடுத்தவை மீன்கள். முதல் உலகப்போரின்போது நீர்மூழ்கிக் கப்பல்களைக் கண்டுபிடிக்க, பிரான்சின் தூலோன் துறைமுகத்தில் பால் லான்ஜெவின் சோதனை நடத்தினார். ஒலிக்கற்றையில் சிக்கிய சிறுமீன்கள் செத்தன. தண்ணீரில் கை வைத்தவர்களுக்கு வலித்தது. பயப்பட வேண்டாம், சிகிச்சையில் சதுர செ.மீ.க்கு 3 வாட்டைத் தாண்டுவதில்லை. அப்படியும் கருவியை ஒரே இடத்தில் நிறுத்தினால் சூடு ஏறி எலும்பருகே வலிக்கும். அதனால்தான் வட்டம் வட்டமாக நகர்த்துகிறார்கள்.

★ அறுந்த தசைநாணை டாக்டர் தைத்துவிட்டாலும், முதல் சில வாரங்கள் அதைத் தாங்கிப் பிடிப்பது நூல்தான். பிறகு அவசரத்துக்கு வளரும் கொலாஜன் இழைகள் கன்னாபின்னாவென்று கிடக்கும். அவை இழுவிசையின் திசைக்கு வரிசைகட்டி உறுதிப்பட மாதக்கணக்கில், சிலருக்கு ஒரு வருடத்துக்கு மேலும் ஆகும். இந்த வேலையை ஒலி விரைவுபடுத்துமா என்பதே கேள்வி.

★ பதில் சொன்னவை பெரும்பாலும் விலங்குகள். அவையும் ஒத்த குரலில் சொல்லவில்லை. 1982இல் முயல்களின் தைத்த தசைநாணில் ஒலி கொடுத்துப் பார்த்தபோது ஆறுவதே கெட்டது. 1989இல் வேறு முயல்களின் குதிகாலில் கொடுத்தபோது உறுதி கூடியது. 1995இல் கோழிகளின் முறை: கால்விரல் நன்றாக மடங்கியது, உறுதி மட்டும் கூடவில்லை. எந்த அளவில், எத்தனையாவது நாளில் தொடங்குவது என்பதில் ஆளுக்கொரு முறை. முயலுக்குப் பலித்ததை வைத்து மனிதருக்கு உத்தரவாதம் தருபவர்களைச் சந்தேகியுங்கள்.

★ மனிதர்களிடம்? வலி, காயங்கள் முதலியவற்றுக்கு இச்சிகிச்சை பற்றி வந்த 35 ஆய்வுகளை 2001இல் இருவர் சலித்தார்கள். முறையாகச் செய்யப்பட்டவை 10 தேறின. அவற்றில் ஒலி தராத பொய்க் கருவியைவிட மெய்க் கருவி மேல் என்று சொன்னவை 2!

★ அப்படியானால் தைத்த தசைநாணுக்குக் கைகொடுப்பது எது? உள்ளங்கையின் மேல்பகுதியிலிருந்து விரலின் நடு மூட்டு வரை உள்ள இடத்துக்கு அறுவை மருத்துவர்கள் வைத்த பெயர் 'யாருக்கும் சொந்தமில்லா நிலம்'. அங்கே தைத்தால் தசைநாண் அக்கம்பக்கத்தோடு ஒட்டிக்கொண்டு விரல் மடங்காது என்று ஒருகாலத்தில் உடனே தைக்கவே தயங்கினார்கள். 1960களில் அமெரிக்காவின் லூயிவில் நகரில் ஹெரால்ட் க்ளெய்னர்ட் அங்கேயே தைத்து, நகத்தில் ரப்பர் பேண்டு கட்டிவிட்டார். நோயாளி விரலை நீட்டுவார். மடக்குவதை ரப்பர் பார்த்துக்கொள்ளும். தையலுக்குச் சிரமமில்லை, தசைநாணும் ஒட்டாமல் வழுக்கிக்கொண்டே இருக்கும். இன்றும் கை சிகிச்சையில் முதலிடம் இப்படி அளந்து செய்யும் அசைவுக்கே, ஒலி பக்கத்துணைதான்.