எலும்பு கண்ணில் பட்டால்

1983 மே மாதம். இங்கிலாந்தின் செஷயர் பகுதியில் லிண்டோ மாஸ் என்ற சதுப்பில் கரிமண் வெட்டும் தொழிலாளர்கள் கன்வேயர் பெல்ட்டில் ஓர் உருண்டையைப் பார்த்தார்கள். காற்றுப் போன கால்பந்து என்று நினைத்தார்கள். கழுவிப் பார்த்தால் மண்டை ஓடு, முடிகூட ஒட்டிக்கொண்டிருந்தது. முப்பதிலிருந்து ஐம்பது வயதுக்குள் இருந்த ஒரு பெண்ணுடையது என்றார்கள் நிபுணர்கள். சதுப்பை ஒட்டிய வீட்டில் முன்பு குடியிருந்த ஒருவரின் மனைவி இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் காணாமல் போயிருந்தார். போலீஸ் அவரிடம் போனதும், தப்பிக்க வழியில்லை என்று நினைத்து, கொன்றதை ஒப்புக்கொண்டார். அதற்குப் பிறகு வந்தது கார்பன் ஆய்வின் முடிவு: மண்டை ஓட்டின் வயது ஏறத்தாழ 1,700 ஆண்டு. ரோமானியர் காலத்துப் பெண். வாக்குமூலத்தை வைத்தே கணவருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. மனைவியின் உடல் கிடைக்கவே இல்லை.

துப்பறியும் கதைக்கு இது நல்ல முடிச்சு. நமக்கு வேண்டியது வேறு. அந்த மண்டை ஓடு தான் கிடந்த இடத்தை விட்டுவிட்டு பெல்ட்டில் தனியாக ஏறி வந்தது. எந்த ஆழத்தில் கிடந்தது, பக்கத்தில் என்ன இருந்தது என்று சொல்ல ஆளில்லை. எலும்பு பாதிக் கதைதான் சொல்லும். மீதிக் கதை மண்ணில் இருக்கிறது. ஆற்றங்கரையிலோ காட்டுப் பாதையிலோ எலும்பைப் பார்ப்பவர் முதலில் செய்ய வேண்டியது, கையைப் பின்னுக்கு இழுத்துக்கொள்வது.

நம் ஊரில் எலும்பு வெளிப்பட எத்தனையோ வழி உண்டு. வெள்ளம் கரையோர இடுகாட்டை அரிக்கும். ஏரியில் தூர் வாரும்போதும் கடைக்கால் தோண்டும்போதும் பொக்லைன் கரண்டியில் வரும். ஆதிச்சநல்லூர், கொந்தகை போன்ற இடங்களில் முதுமக்கள் தாழியே வரும். மருத்துவ மாணவர் படித்துவிட்டுத் தூக்கிப்போட்ட எலும்புக்கூடும் குப்பைமேட்டில் கிடைப்பதுண்டு. கம்பி கோக்க ஓட்டை, வார்னிஷ் பளபளப்பு, வட்டமாக அறுத்த மண்டை மூடி இவற்றால் அது தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். 1985இல் தடை வரும்வரை உலகத்து மருத்துவக் கல்லூரிகளுக்கு எலும்புக்கூடு ஏற்றுமதி செய்ததில் இந்தியா முன்னணியில் இருந்தது என்பது பலருக்குத் தெரியாத சங்கதி.

வெளியில் கிடைக்கும் எலும்புகளில் பல ஆடு, மாடு, நாயுடையவைதான். நிபுணர் சில இடங்களைப் பார்த்தே பிரித்துவிடுவார். நிமிர்ந்து நடப்பதால் நம் மண்டை ஓட்டில் தண்டுவடம் இறங்கும் துளை அடிப்பக்கம் இருக்கிறது. நாய்க்கும் ஆட்டுக்கும் பின்பக்கம். மாட்டின் கால் எலும்பை உடைத்தால் சுவர் தடித்திருக்கும், மனிதருடையது ஒப்பீட்டளவில் மெல்லியது. ஆனால் இதை நம்பி நாமே தீர்ப்புச் சொல்லக் கூடாது. தோலுரிந்த கரடிப் பாதம் மனிதக் கையைப் போலவே இருந்து, அனுபவசாலிகளையும் குழப்பியிருக்கிறது. இதைவிட மோசம் எதிர்ப்பக்கத்துத் தவறு. குழந்தையின் எலும்புகளில் முனைகள் இன்னும் ஒட்டியிருக்காது. சிறு சிறு துண்டாக, மனித எலும்பின் சாயலே இல்லாமல் கிடக்கும். "ஆட்டு எலும்புய்யா" என்று காலால் தள்ளிவிட்டுப் போவது சுலபம்.

சரி, என்ன செய்வது? நின்ற இடத்தில் நில்லுங்கள். கூட நாய் இருந்தால் பிடித்துக் கட்டுங்கள். செல்போனில் இடக்குறியைச் சேமித்துக்கொண்டு, தூரத்திலிருந்து ஒரு படம், கொஞ்சம் கிட்டத்தில் ஒரு படம் எடுங்கள். போன தடத்திலேயே திரும்பி வாருங்கள். 112க்கோ 100க்கோ கூப்பிடுங்கள். பொக்லைன் ஓடிக்கொண்டிருந்தால் நிறுத்தச் சொல்லுங்கள். அள்ளிக் கொட்டிய மண் எங்கே போனது, எந்த லாரி என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், அதுவும் ஆதாரம்தான். வாட்ஸ்அப் குழுவில் மட்டும் போடாதீர்கள். போலீஸ் வருவதற்குள் வேடிக்கை பார்க்க ஊரே வந்து மிதித்துவிடும்.

மிதித்தால் என்ன போகும்? வளர்ந்த மனிதருக்கு எலும்பு 206. இரண்டு கைகளிலும் மணிக்கட்டையும் சேர்த்து அதற்குக் கீழே 54, இரண்டு பாதங்களில் 52. பாதிக்கு மேல் இந்தச் சின்னச் சின்ன எலும்புகள்தான். மண்ணோடு கலந்துவிட்டால் கூழாங்கல் என்றே தோன்றும். முன்பற்களுக்கு ஒற்றை வேர் என்பதால், ஈறு அழிந்ததும் தானாகக் கழன்று விழுந்துவிடும். டிஎன்ஏ எடுக்கப் பல்லைப் போல் உதவுவது குறைவு. தொண்டையில் லாட வடிவில் ஓர் எலும்பு இருக்கிறது, விரலிடுக்கில் அடங்கிவிடும். கழுத்து நெரிபட்டிருந்தால் அது முறிந்திருக்க வாய்ப்புண்டு. கொலையா இல்லையா என்ற கேள்வி சில வழக்குகளில் அதை நம்பித்தான் இருக்கிறது. அதனால்தான் தடயவியல்காரர்கள் மண்வெட்டியைத் தொடாமல் கரணையும் தூரிகையும் வைத்துக்கொண்டு உட்காருகிறார்கள். எடுத்த மண்ணையெல்லாம் சல்லடையில் சலிக்கிறார்கள். ஈக்களின் கூட்டுப்புழு ஓடு, எலும்புக்குள் நுழைந்து வளர்ந்த வேர், சட்டைப் பொத்தான் என்று எதையும் விடுவதில்லை. வேரை அறுத்து வளையம் எண்ணினால், உடல் அங்கே கிடந்த காலம் குறைந்தது எத்தனை ஆண்டு என்பது தெரியும்.

அவசரத்தின் விலையைக் காட்ட பஞ்சாபின் அஜ்னாலா போதும். 1857இல் கொல்லப்பட்ட 282 சிப்பாய்களைப் போட்டு மூடியதாகச் சொல்லப்பட்ட பாழுங்கிணற்றை, 2014இல் உள்ளூர் மக்களே தோண்டினார்கள். நோக்கம் நல்லது, தியாகிகளை வெளியே கொண்டுவர வேண்டும் என்ற துடிப்பு. ஆனால் முறையான அகழாய்வு இல்லாததால் எலும்புகள் நொறுங்கின, கலந்தன. ஆய்வாளர்கள் பெரும்பாலும் பற்களை நம்ப வேண்டியதாயிற்று. பல்லின் டிஎன்ஏவையும் ஐசோடோப்பையும் வைத்து, அவர்கள் கங்கைச் சமவெளிக்காரர்கள் என்று 2022இல் நிறுவினார்கள். ஊர் தெரிந்தது, யார் யார் என்பது தெரியவில்லை.

இலங்கையின் மன்னாரில் வேறு விதம். 2018இல் சதொச என்ற அரசு அங்காடியின் கட்டடத்துக்காகத் தோண்டிய மண் வெளியே விற்கப்பட்டது. அந்த மண்ணில்தான் எலும்புத் துண்டுகள் முதலில் தெரிந்தன. நீதிமன்ற மேற்பார்வையில் தோண்டியதில் 300க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள். அமெரிக்காவுக்கு அனுப்பிய ஆறு மாதிரிகள் 15 முதல் 17ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை என்று அறிக்கை வந்தது. உள்நாட்டுப் போரில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவினர்கள் அதை ஏற்கவில்லை. முந்நூறு பேருக்கு ஆறு மாதிரி போதுமா என்ற கேள்வி நியாயமானதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

நம் சட்டப்படி இப்படிக் கிடைக்கும் உடல் எச்சத்துக்கு பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 194ஆம் பிரிவில் விசாரணை நடக்கும். முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டம் 174 என்றிருந்தது. விஏஓ வருவார், ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையில் அறிக்கை எழுதுவார்கள், எலும்புகள் அரசு மருத்துவக் கல்லூரியின் தடய மருத்துவத் துறைக்குப் போகும். பழமையானது என்றால் தொல்லியல் துறைக்குத் தகவல் போகும். முதலில் பார்த்தவர் என்பதால் உங்களிடம் வாக்குமூலம் வாங்குவார்கள், பிறகு கோர்ட்டுக்குக் கூப்பிடலாம். செல்போனில் எடுத்த மூலப் படங்களை அழிக்காமல் வைத்திருங்கள். கோர்ட்டு அலைச்சலுக்குப் பயந்து எலும்பை ஒளித்தால்தான் வம்பு. நடந்தது குற்றம் என்று தெரிந்தே தடயத்தை மறைத்தவருக்கு அதற்கென்றே தண்டனைப் பிரிவு இருக்கிறது.

ஏற்கெனவே வீட்டுக்கு எடுத்து வந்துவிட்டீர்களா? பயந்துபோய் இரவோடு இரவாகப் பழைய இடத்தில் வைத்துவிட்டு வராதீர்கள். அப்படி வைத்தால் எலும்பு கிடந்த கோலமே பொய்யாகிவிடும், விசாரிப்பவர் அதையே உண்மை என்று நம்பி அளந்து வரைவார். கழுவவும் வேண்டாம். பிளாஸ்டிக் பையில் ஈரம் கோத்துப் பூஞ்சை பிடிக்கும். காகிதப் பையில் போட்டு ஸ்டேஷனுக்குக் கொண்டுபோய், நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். பிறகு போலீஸ்காரரோடு அந்த இடத்துக்குப் போய், எங்கே, எந்தப் பக்கம் திரும்பிக் கிடந்தது என்று காட்டுங்கள்.