கெண்டை மீன்களுக்கு வரும் வைரஸ் வியாதி

1998-ஆம் வருஷத்தில் இஸ்ரேல் தேசத்துக் கெண்டைக் குளங்களில் ஒரு கொடிய வியாதி தோன்றிற்று. மீன்கள் சோர்ந்து, செவுள்கள் வெளிறி, கண்கள் குழிந்து, கூட்டங்கூட்டமாய் மடிந்தன. சில குளங்களில் நூற்றுக்கு 80-க்கு மேல் அழிந்தன. அதே குளங்களிலிருந்த புல் கெண்டையும் வெள்ளிக் கெண்டையும் சாகவில்லை. சாதாரணக் கெண்டையையும் அதன் அலங்கார இனமாகிய கோயையும் கொல்லும் ஹெர்ப்பீஸ் வகை வைரஸே இதற்குக் காரணமென்று பின்னர் தெளிவாயிற்று.

இவ்வைரஸ் ஜலத்தின் உஷ்ணம் ஏறக்குறைய 18 முதல் 28 டிகிரி சென்டிகிரேடு வரை உள்ளபோது வளரும். 30 டிகிரியில் அதன் பெருக்கம் நின்றுவிடும். ஜலத்தின் சூடே மீனின் உடற்சூடு. ஆகையால் வெதுவெதுப்பான ஜலத்தில் நோயெதிர்ப்புப் பொருள்கள் அதன் இரத்தத்தில் விரைவில் உண்டாகின்றன. குளிர்ந்த ஜலத்தில் தாமதமாகின்றன.

இதையறிந்த இஸ்ரேலியர், நல்ல மீன்களைச் சில நாள் நோயுற்ற மீன்களுடன் விட்டுப் பிறகு 30 டிகிரி ஜலத்துக்கு மாற்றினர். பிழைத்தவை மறுபடி அவ்வியாதியால் மடியவில்லை. பின்னர் வீரியங் குறைத்த வைரஸைக் கொண்டு தடுப்பு மருந்தும் தயாரிக்கப்பட்டது.

எனினும் பிழைத்த மீனின் உடலில் வைரஸ் மறைந்திருந்து பிற மீன்களைத் தொற்றக்கூடும். வியாதி கண்டபின் தீர்க்கும் மருந்து இல்லை. ஆகவே வாங்கிய மீன்களைத் தனிக் குளத்தில், மேற்சொன்ன உஷ்ணத்தில், சில வாரம் வைத்துப் பார்த்தல் அவசியம். கடுங்கோடையில் வைத்துப் பார்த்தால் வியாதி வெளிப்படாமற் போகும். இறந்தவற்றைச் சுண்ணாம்பிட்டு ஆழப் புதைத்து, வலைகளை நன்கு உலர்த்தல் வேண்டும். கெண்டைகள் மட்டும் திடீரென மடியின், கிராம அதிகாரிகள் மீன்துறையாருக்கு உடனே அறிவிப்பது கடமையாகும்.